கோட்டைக்குள் இருந்தவர்கள்

நடந்ததை நடக்காததாக ஆக்கிக்கொள்ள ஒருவனுக்கு வழி இருக்கிறது. யாரும் தடுக்கப்போவதில்லை, யாருக்கும் தெரியப்போவதுமில்லை. அப்போதும் அவன் அந்த வழியில் போகாமல் இருந்தால் அதற்குப் பெயர் நேர்மையா, பிடிவாதமா, அல்லது வெறும் பழக்கமா? உஸ்மானைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் ஒருநாளும் இதை இப்படிக் கேட்டுக்கொண்டவர் அல்ல.

காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் லால் பாஷாவின் மகன் உஸ்மான். மண்டியில் உட்காரப் பிடிக்காமல் ஐடிஐ படித்து, மூக்கண்டப்பள்ளியில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். இரும்புத் தகட்டை அச்சுக்குள் வைத்து, மேலிருந்து பெரும் எடையை இறக்கி, வடிவம் வெட்டுகிற இடம் அது. வருடங்கள் போனபின் அங்கே லைன் லீடர் ஆனார். நல்ல வேலைக்காரர் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர் சுமாரான வேலைக்காரர். நேரத்துக்கு வருவார், மேலே இருப்பவர்களிடம் தகராறு செய்யமாட்டார். தொழிற்சாலைகளில் இதற்குத்தான் நல்ல பெயர் கிடைக்கிறது.

எங்கள் பழக்கம் பேருந்தோடு சரி. பக்கத்துப் பக்கத்துத் தொழிற்சாலைகள் சில சேர்ந்து ஒரு பேருந்தை அமர்த்தியிருந்தன. காவேரிப்பட்டினத்தில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் ஆள் ஏற்றி, டோல்கேட் தாண்டி, சூளகிரி வழியாக ஓசூர் போகும். நான் வேறு தொழிற்சாலைக்காரன். காலைப் பனியில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ போகிற அந்தப் பயணத்தில், ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்து உஸ்மான் ஒரு ராஜ்ஜியத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அது ஒரு கணினி விளையாட்டு. போர் விளையாட்டு என்று சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வார்கள். சுடுவதும் ஓடுவதும் அதில் இல்லை. பதினோராம் நூற்றாண்டில் தொடங்கும் ஒரு பெரிய வரைபடம், அதில் எண்ண முடியாத அரசுகள். நாம் ஓர் அரசனாக இருப்போம். மணம் செய்துகொள்வோம், வரி விதிப்போம், படை திரட்டுவோம், சாவோம். செத்ததும் வாரிசாக மாறி ஆட்டத்தைத் தொடர்வோம். வாரிசு இல்லாமல் செத்தால் ஆட்டம் முடிந்தது. ஜெயிப்பது என்று ஒன்று அதில் கிடையாது. முடிந்துபோவது மட்டும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம், யாரோ பயன்படுத்திக் கொடுத்த மடிக்கணினியில் உஸ்மான் ஆடுவார். ஆடியதை வாரம் முழுவதும் சொல்வார். உலகத்தில் எந்த நாட்டை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அவர் எடுத்தது நம் பக்கத்தை. அந்த வரைபடத்தில் மேற்கே ஒரு கன்னட ராஜா, கிழக்கே ஒரு தமிழ்ப் பேரரசன், நடுவில் நகத்தளவு ஒரு மலைநாடு. அந்த மலைநாடு தப்பிப் பிழைக்குமா என்பதுதான் பேருந்தின் கவலை.

பேருந்தும் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஓட்டுநர் நாராயணப்பன் வீட்டில் பேசுவது தெலுங்கு, மாமனார் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். அவர் மேற்கு ராஜாவின் ஆள்.

"ஏம்ப்பா பாயி, மேக்கால ராஜாவுக்குப் பொண்ணக் குடுத்துட்டுக் கம்முனு இருக்கலாமில்ல? டீசலே அங்கதான் சீப்பு."

"அந்தக் காலத்துல உன் பஸ்ஸு எங்கய்யா இருந்துச்சு?" என்பான் கரியப்பன். உஸ்மானின் ஷாப்பில் அச்சு மாற்றுகிற ஃபிட்டர் அவன்.

"மாட்டு வண்டி ஓட்டிகினு இருந்திருப்பேன். அப்பவும் உன்ன ஏத்தியிருக்க மாட்டேன்."

கதையை முதலிலிருந்து விடாமல் கேட்டவர் சென்னம்மாள். உஸ்மானின் லைனில் பிரஸ் ஓட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி. கணவரை இழந்தவர், கல்லூரியில் படிக்கும் ஸ்வாதி என்று ஒரே மகள். ஷாப்புக்குள் உஸ்மானை அவர் சார் என்பார். பேருந்தில் ஏறியதும் தம்பி ஆகிவிடும். இந்த மாற்றம் இருவருக்கும் இயல்பாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் மலைநாட்டு அரசனுக்கு ஒரே மகன். வளர்ந்து, மணம் பேசி முடித்த நிலையில் அவன் வேட்டைக்குப் போய் இறந்தான். பின்சீட்டில் உச்சுக்கொட்டினார்கள். உஸ்மான் ஆறுதலாகச் சொன்னார்:

"விடுங்க, முன்னாடி பதிஞ்சு வெச்ச சேவ் ஒண்ணு இருக்குது. அங்க போயிட்டா பையன் உயிரோட இருப்பான். இந்தத் தடவ வேட்டைக்கு அனுப்பாம பாத்துக்கறேன்."

"அப்டீன்னா இத்தினி நாளா நீ சொன்னதெல்லாம்?" என்று கேட்டார் சென்னம்மாள்.

"அது நடக்கலன்னு வெச்சிக்கலாம்க்கா."

பேருந்து டோல்கேட்டில் நின்றிருந்தது. சென்னம்மாள் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். "எங்க ஊட்டுக்காரரு அதோ அந்தாண்டதான் லாரில மாட்டிச் செத்தாரு. இன்னிக்கி வேலைக்கிப் போவேணாம்னு காலையில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்கு எந்த சேவும் குடுக்கல. உனக்கு மட்டும் எதுக்கு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சலுகை ஏன் ஒருவருக்கு மட்டும் தரப்படுகிறது என்று விசாரிப்பவரைப் போலக் கேட்டார். உஸ்மான் அடுத்த ஞாயிறு அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அந்த விளையாட்டில் ஒரு விதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்: ஆட்டம் தன்னைத்தானே பதிந்துகொண்டே போகும், பின்னால் போக முடியாது. அதைத் தேர்ந்தெடுத்தார். அதையும் ஏமாற்ற வழி உண்டு, ஆட்டம் பதிந்த ஃபைலை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்தால் போதும் என்று கரியப்பன் சொல்லிக்கொடுத்தான். உஸ்மான் எடுக்கவில்லை. பேருந்தில் அது ஒரு கட்டுப்பாடாகவே ஆகிவிட்டது. யாராவது ஏதாவது சொல்லி வருந்தினால், "சேவ் இல்லப்பா" என்பார்கள். ஷிஃப்டைத் தவறவிட்டவனுக்கும் அதுதான், காதலில் தோற்றவனுக்கும் அதுதான்.

இரண்டாவது ஆட்டத்தில் வயதான ராஜா சாகும்போது ஒரு மகளும் ஒரு மகனும் இருந்தார்கள். அந்த ஆட்டத்தின் சட்டப்படி நாடு பிள்ளைகளுக்குப் பிரிந்துபோகும். மகளுக்கு மலை, தம்பிக்குத் தெற்குப் பள்ளத்தாக்கு. உஸ்மான் மகளாக மாறி ஆடினார். ராணிக்குப் பிரவீனா என்று பின்சீட்டுப் பெண்கள் பெயர் வைத்தார்கள். பதினோராம் நூற்றாண்டில் ஒரு பிரவீனா இருந்திருக்க முடியுமா என்று நான் கேட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தம்பி சீக்கிரமே மாடியிலிருந்து விழுந்து இறந்தான்.

"தள்ளுனது யாரு?" என்றார் சென்னம்மாள்.

"அது... ராணிதான்."

"ராணியா, நீயா?"

பேருந்தே சிரித்தது. உஸ்மானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "நாடு ரெண்டா இருந்தா ரெண்டையும் முழுங்கிடுவானுங்கக்கா. ஒண்ணா இருந்தாத்தான் நிக்கும்."

ஆட்சியைப் பற்றி எழுதியவர்கள் பலர் இதே காரணத்தை இன்னும் அழகாகச் சொல்லியிருக்கிறார்கள். உஸ்மானின் குரலில் அழகு இல்லாததால் காரணம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அது சரியான காரணம்தான். நாடு ஒன்றாகி நின்றது. தெற்கிலிருந்து நெல் வந்தது. கிழக்குப் பேரரசனின் மகனுக்கே ராணியை மணம் முடித்தார் உஸ்மான். நாராயணப்பன் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு மேற்கு ராஜா படையெடுத்து வந்து எல்லையில் இருந்த மலைக்கோட்டையை முற்றுகையிட்டான். உஸ்மானுக்கு ஒரு யோசனை தோன்றியது. கோட்டையைக் காப்பாற்றப் போகாமல், எதிரியின் படை முழுவதும் அங்கேயே முடங்கிக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, தன் படையை வேறு வழியாகக் கொண்டுபோய்க் காவலற்றுக் கிடந்த அவன் தலைநகரைப் பிடித்தார். மேற்கு ராஜா சமாதானம் கேட்டான். திங்கட்கிழமை இதைச் சொல்லி முடித்தபோது கரியப்பன் எழுந்து நின்று கைதட்டினான். தன் ராஜா தோற்றபோதும் நாராயணப்பன் மரியாதைக்கு ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"கோட்டைக்குள்ள இருந்தவங்க?" என்று கேட்டார் சென்னம்மாள்.

"பட்டினியில போயிட்டாங்கக்கா. வேற வழியில்ல."

"எத்தினி பேரு?"

"நம்பரு காட்டும். நான் சரியாப் பாக்கல."

சென்னம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் உஸ்மான் பேருந்தில் ஏறியதும் முதலில் அவரிடம்தான் போனார். "பாத்தேன்க்கா," என்றார். "நெறைய பேரு." அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

இதை ஒரு முன்னறிவிப்பு போல நான் எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விளையாட்டில் இரக்கம் காட்டாதவன் வாழ்க்கையிலும் காட்டமாட்டான் என்பதும், விளையாட்டு யாருக்காவது பாடம் கற்பிக்கும் என்பதும் எனக்கு நம்பிக்கை இல்லாத கருத்துகள். நடந்த வரிசையில்தான் சொல்கிறேன்.

பிரஸ் ஷாப்பில் மாதக் கடைசி என்று ஒன்று உண்டு. அனுப்ப வேண்டிய எண்ணிக்கை அந்தக் கடைசி வாரத்தில்தான் எல்லோர் தலையிலும் ஏறும். ஒவ்வொரு பிரஸ்ஸின் முன்னாலும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஓடும். அதை சென்சார் என்பார்கள். கை உள்ளே போனால் கதிர் அறுபட்டு, இறங்கும் எடை அப்படியே நின்றுவிடும். அந்த மாதம் ஒரு அச்சு தேய்ந்துபோய், வெட்டிய துண்டு அடிக்கடி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. கை விட்டு எடுக்கும்போதெல்லாம் பிரஸ் நிற்கும். மறுபடி முதலிலிருந்து கிளப்ப வேண்டும். எண்ணிக்கை விழுந்தது. சென்சாரை அணைத்து வைக்க ஒரு சாவி உண்டு. அச்சு மாற்றும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய சாவி. மாதக் கடைசியில் அது வேறு விதமாகவும் பயன்படும் என்பது அந்த ஷாப்பில் எல்லோரும் அறிந்தது.

"ஒரு வாரந்தான். திருப்பிடு உஸ்மான், நான் பாத்துக்கறேன்," என்றார் மேனேஜர். கரியப்பன் அருகில் குனிந்து அச்சுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

உஸ்மான் திருப்பினார். கம்பத்தின் மேல் எரிந்த பச்சை விளக்கு அணைந்தது. அந்த பிரஸ்ஸை ஓட்டியவர் சென்னம்மாள். விளக்கு அணைந்ததை அவரும் பார்த்தார். முந்தைய மாதக் கடைசிகளிலும் பார்த்திருக்கிறார். எல்லோரும் அறிந்து செய்கிற ஒன்றை யாரும் முடிவு செய்யவில்லை என்று நினைத்துக்கொள்வது எளிது.

வாரம் முடிவதற்குள் அது நடந்தது. ஒட்டிய துண்டை எடுக்கக் கை உள்ளே போனபோது கால், எடையை இறக்கும் பெடலின் மேல் இருந்தது. சென்னம்மாளின் வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டிய சிறிது நேரத்தில் அந்த பிரஸ்ஸின் பச்சை விளக்கு மறுபடி எரிந்தது. சாவியை உஸ்மானிடம் வாங்கித் திருப்பியவர் மேனேஜர்.

பிறகு நடந்த பேச்சைக் கரியப்பன் எனக்குச் சொன்னான். ஷாப் மூலையில் மேனேஜர், உஸ்மான், அவன் என்று மூவர் மட்டும் இருந்தார்களாம். மேனேஜர்தான் தொடங்கினாராம்.

"லைட்டு எரியுது, பாத்தல்ல? சென்சார் ஆன்லதான் இருந்துச்சு. அந்தம்மா சைடுல கைய உட்டுட்டாங்க. நடந்தது அவ்ளோதான். இல்ல, ஆஃப்ல இருந்துச்சுன்னு நீ சொன்னா, ஆஃப் பண்ண கை யாரோடது உஸ்மான்?"

"நீங்க சொன்னீங்க சார்."

"சொன்னத யாரு கேட்டா?"

"நான் குனிஞ்சிகினே இருந்தேன் சார்," என்று என்னிடம் சொன்னபோதும் கரியப்பன் நிமிரவில்லை. "அந்த அச்சையே பாத்துகினு இருந்தேன்."

விசாரணைக்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரி வரவிருந்தார். எல்லாம் உஸ்மானின் சொல்லில் நின்றது. சென்சார் ஓடியது என்றால் தவறு சென்னம்மாளுடையது. ஒப்பந்தக்காரர் அவரை நீக்கிவிடுவார், இரண்டு விரல் கையோடு வேறு எந்தத் தொழிற்சாலையும் அவரை உள்ளே விடாது. ஓடவில்லை என்றால் கம்பெனி அவருக்கு ஏற்ற ஒரு வேலையை நிரந்தரமாகத் தர வேண்டியிருக்கும். உஸ்மானுக்கு வேலை போகும், வழக்கு வரும். வீட்டில் மனைவி ஆஃப்ஷீன், பள்ளிக்குப் போகும் மகள்.

அடுத்த ஞாயிறு காலை உஸ்மானும் கரியப்பனும் நானும் சென்னம்மாளைப் பார்க்கப் போனோம். காவேரிப்பட்டினத்தில் ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு வாடகை வீடு. ஸ்வாதி கதவைத் திறந்துவிட்டு, நாங்கள் இருந்த நேரம் முழுவதும் சுவரோரம் நின்றே இருந்தாள். தலையணை மேல் வைத்திருந்த கட்டுப்போட்ட கையைப் பார்க்காமல் பேசுவதற்கு எல்லோரும் முயன்றோம். சென்னம்மாள்தான் உதவினார்.

"ராணி என்ன ஆனா தம்பி?"

உஸ்மான் தடுமாறினார். "அதுவாக்கா... மேக்கு ராஜா செத்துட்டான். மகன்காரன் வந்து மறுபடி அதே கோட்டையத்தான் சுத்திகினு இருக்கான். நிறுத்தி வெச்சிருக்கேன்."

"எதுக்கு நிறுத்தி வெச்ச? உள்ள சோறு இருக்குமா?"

"நிறுத்தி வெச்சா அவங்களுக்குப் பசிக்காதுக்கா."

சென்னம்மாள் சிரித்தார். வலித்திருக்க வேண்டும், சிரிப்பு பாதியில் நின்றது. "எத்தினி நாளைக்கி அப்பிடியே வெச்சிருப்ப? ஆடு."

எப்படி ஆட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஸ்வாதிதான் பேசினாள். "அண்ணா, அந்த சென்சார் ஓடுச்சா, ஓடலையா?"

உஸ்மான் அவளை நேராகப் பார்த்தார். "ஓடல."

"அத அங்க வந்து சொல்லுவீங்களா?"

"சும்மா இருடி," என்றார் சென்னம்மாள். "வந்தவங்களுக்கு டீ வெச்சியா?" பிறகு உஸ்மானிடம், வேறு குரலில்: "எனக்கு வேல வேணும் தம்பி. அது மட்டும் போச்சுன்னா இவ படிப்ப நிறுத்திட்டு அந்த பிரஸ்ஸு முன்னாடியே போயி நிப்பா. அதான் பயம். வேற ஒண்ணுமில்ல."

டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினோம். பாலத்தின் மேல் நடக்கும்போது கரியப்பன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். உஸ்மான் கேட்கிறவராகத் தெரியவில்லை.

அன்று மதியம் அவர் ஆடினார். திங்கட்கிழமை பேருந்தில் சொன்னார். யாரும் கேட்கவில்லை, சூளகிரி வரும்போது அவராகவே தொடங்கினார். அவர் எங்களுக்குச் சொன்ன கடைசிக் கதை அது.

இந்த முறை ராணி தலைநகரைப் பிடிக்கப் போகவில்லை. இருந்த படையை முழுவதும் திரட்டிக்கொண்டு நேராகக் கோட்டைக்குப் போனாள். மாமனாரான கிழக்குப் பேரரசனுக்குத் துணை கேட்டு ஆள் அனுப்பினாள். அவன் வரவில்லை. மலைச் சரிவில் சண்டை நடந்தது. எதிரி முற்றுகையைத் தளர்த்திவிட்டு ராணியின் படை மேல் திரும்பினான், அந்த இடைவெளியில் கோட்டைக்குள் இருந்தவர்கள் தப்பி வெளியேறினார்கள். ராணியின் படை அழிந்தது. அவள் சிறைபிடிக்கப்பட்டாள், சிறையிலேயே இறந்தாள். பிள்ளை இல்லை. வாரிசு யார் என்று ஆட்டம் தேடியது. தம்பி இருந்திருந்தால் அவன்தான். அவனை எப்போதோ மாடியிலிருந்து தள்ளியாகிவிட்டது.

"அவ்ளோதான்," என்றார் உஸ்மான். "வம்சம் முடிஞ்சிதுன்னு ஒரு வரி வந்துச்சு. அப்பறம் ஒண்ணும் அமுக்க முடியல."

"நகலு எடுத்து வெச்சிருக்கீங்கதான பாய்?" என்றான் கரியப்பன்.

"இல்ல."

"போன தடவ மாதிரியே தலைநகரத்த அடிச்சிருக்கலாமே? ஜெயிச்சிருப்பீங்களே?"

"அடிச்சிருக்கலாம். கெழக்கால இருந்து அந்தாளு வருவான்னு நெனச்சேன். கணக்குத் தப்பிப்போச்சு."

நாராயணப்பன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். "நம்ம ராஜாதான் ஜெயிச்சான்," என்றார் கடைசியில். "ஏமோப்பா, சந்தோஷமே வரல."

இந்தக் கதையையும் விசாரணையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது எளிது. கோட்டையைக் காப்பாற்ற ராஜ்ஜியத்தை இழந்த ராணி, சென்னம்மாளைக் காப்பாற்ற வேலையை இழந்த உஸ்மான். பேருந்தில் பலர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ராணி தோற்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. துணை வரும் என்று நம்பிப் போனாள். கணக்குத் தப்பியதைத் தியாகம் என்று சொல்லக் கூடாது. தவிர, விசாரணையில் உஸ்மான் செய்தது இந்தப் பொருத்தத்துக்குள் அடங்குவதும் இல்லை.

இப்போது சென்னம்மாள் அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். அதே பேருந்தில் வருகிறார். அட்டைப் பெட்டிகளுக்கு இடது கையால் டேப் ஒட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். ஸ்வாதி படிக்கிறாள். உஸ்மானை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. பிடிக்காமல் விட்டுப்போன மண்டியிலேயே மாங்காய்க் கூடைகளை இறக்குகிறார். மேனேஜர் அதே நாற்காலியில் இருக்கிறார். சென்சார் சாவி வேறொரு லைன் லீடரிடம் போயிருக்கிறது. மாதக் கடைசிகளில் பச்சை விளக்கு எரிகிறதா என்று கரியப்பனிடம் கேட்டேன். அவன் பேச்சை மாற்றினான்.

உஸ்மான் அப்படி ஏன் செய்தார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மேனேஜர் ரகசியமாக எதையோ வாக்குக் கொடுத்திருப்பார் என்பது நாராயணப்பனின் கட்சி. அப்படி எதுவும் வந்து சேரவில்லை. பயம் என்கிறான் கரியப்பன். ஆனால் பயந்தவனுக்கு அதைவிடச் சுலபமான பொய் கைவசம் இருந்தது. ஆஃப்ஷீன் என்னிடம் ஒருமுறை சொன்னார்: "திமிருங்க. எதையும் யாரோடயும் பங்கு போட்டுக்க மாட்டாரு." எனக்கு இதுதான் அருகில் வருவதாகப் படுகிறது. பழியைப் பங்கிட்டுக்கொள்ள மறுப்பதும் ஒருவகைப் பேராசையாக இருக்கலாம். ஆனால் இது என் ஊகம். மண்டிக்குப் போய் நேராகவே கேட்டேன். "வண்டி வந்துருச்சு சார்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். உண்மையில் வண்டி வந்துதான் இருந்தது.

விசாரணை நாளில் நடந்ததைக் கரியப்பன் அன்று மாலை பேருந்தில் சொன்னான். அதிகாரி பிரஸ்ஸின் அருகில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர், கரியப்பன், இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். பாய் மேனேஜரின் பெயரைச் சொன்னால், தானும் காதால் கேட்டதாகச் சொல்லிவிட வேண்டும் என்று கரியப்பன் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். முந்தைய நாள் அதை உஸ்மானிடம் சொல்லியும் இருந்தான்.

சம்பவம் நடந்தபோது சென்சார் ஓடியதா என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க," என்றார் உஸ்மான். "சாவியத் திருப்பி ஆஃப் பண்ணியிருந்துச்சு."

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"திருப்புனது யாரு?"

"நான்தாங்க."

"நீங்களாவா? யாராச்சும் திருப்பச் சொன்னாங்களா?"

கரியப்பன் வாயைத் திறந்தான். உஸ்மான் திரும்பி அவனைப் பார்த்தார். ஷாப்பில் ஒரு வேலையை நிறுத்தச் சொல்லும்போது லைன் லீடர் பார்க்கிற பார்வைதானாம் அது. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கரியப்பன் வாயை மூடிக்கொண்டான்.

"யாரும் சொல்லலீங்க," என்றார் உஸ்மான்.